முன்வரிசைப் பாய்

நம் வீட்டில் குடிப்பவர் ஒருவரும் இல்லை என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா, அன்பர்களே?

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி சிவராமகிருஷ்ணனால் முடியும். அவ்வூர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவரே அவர்தாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பண்டகசாலை முற்றத்தில் கூட்டம். எறணாகுளத்திலிருந்து படகேறி வந்த டாக்டர் கமலாக்ஷி, கல்லீரல் படம் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, குடி உடலை என்ன செய்கிறது என்று சுமை தூக்குவோருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

முன்வரிசைப் பாய் காலியாகக் கிடந்தது. குடியை விட நினைப்பவர்களுக்கென்று விரித்த பாய் அது. சென்ற மாதம் அதில் துணிந்து உட்கார்ந்தவன் சுமைதூக்கி இசக்கிமுத்து ஒருவன்தான். "இனி ஒருநாள் வாடை வந்தாலும் வேலை போச்சு" என்பது தலைவர் அவனுக்கு விதித்திருந்த நிபந்தனை.

காலையில் தலைவர் ஒரு வேலையாக அனுப்பியிருந்த அந்த இசக்கிமுத்து, இப்போதுதான் வந்து சேர்ந்தான். சட்டையின் முன்புறம் நனைந்திருந்தது. குப்பென்று அடித்தது வாடை.

"ஏ இசக்கி! வைப்பின் தீவு வரைக்கும் மணக்குதுடே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

சிவராமகிருஷ்ணனின் முகம் சிவந்தது. "வேலையா அனுப்பிச்சா கள்ளுக்கடைக்கா போனே? கொக்கியை வச்சுட்டுக் கிளம்பு. நாளைக்கு உனக்கு இங்கே வேலை இல்லை!"

இசக்கிமுத்து இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கியை எடுத்து, அவர் நின்ற மேடையின் கீழே வைத்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி மாயம்மாள் எழுந்தாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீரு? டாக்டரம்மா, இவர ஊதச் சொல்லுங்க!"

டாக்டர் அருகில் வந்தார். இசக்கிமுத்து ஊதினான்.

"வாயில ஒரு வாடையும் இல்லையே! சட்டைதானே நாறுது. சட்டை எப்போலேர்ந்து குடிக்க ஆரம்பிச்சது?"

மாயம்மாள் அவன் நெஞ்சோடு அணைத்திருந்த துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு புட்டியை எடுத்தாள். தக்கை தெறித்துப் போயிருந்தது. பாதி காலி.

டாக்டர் முகர்ந்து பார்த்தார். "அரிஷ்டம், ஆயுர்வேத மருந்து. புளிச்சுப் பொங்கியிருக்கு. இதுலயும் மது உண்டு. யாருக்கு இது?"

மேடையில் தலைவர் இருமினார்.

"நல்ல மனுசர் ஒருத்தருக்கும்மா. பேரு கேக்காதீங்க" என்றான் இசக்கிமுத்து.

"எவ்வளவு குடிப்பார்?"

"முன்னால ஒரு மடக்கு. இப்ப தினம் ஒரு டம்ளர். கிடைக்கலைன்னா எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவாரு."

"டம்ளரா! வைத்தியர் ஒரு அவுன்ஸ்தானே சொல்லியிருப்பார்? கள்ளோ, சாராயமோ, அரிஷ்டமோ, கல்லீரலுக்குப் புட்டியோட பேரை வாசிக்கத் தெரியாது. அவர் இந்தப் பாயில வந்து உட்கார வேண்டியவர். ரொம்ப நாள் குடிச்சவர் தானாத் திடீர்னு நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் துணையோட விடணும்."

"பேரைச் சொல்லித் தொலையுமே! வேலை போகுதுல்லா!" என்றாள் மாயம்மாள்.

"போனாப் போகட்டும் புள்ள. நாலு பேரு முன்னால ஒரு மனுசன் தலை குனிய வேண்டாம்."

பெண்கள் வரிசையில் தலைவரின் மனைவி விசாலாக்ஷி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகையால் அல்ல.

தலைவர் மேடையை விட்டு இறங்கினார். கீழே கிடந்த கொக்கியை எடுத்து இசக்கிமுத்துவின் கையில் கொடுத்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தார்.

"நீயும் உக்காருடா இசக்கி. டாக்டர், எனக்காக முதல்லேர்ந்து சொல்லுங்கோ!"

அன்பர்களே, நாளைக்கென்று தள்ளாதீர்கள். இன்று உணவுக்கு உட்காருமுன் உங்கள் வீட்டு அலமாரியை நீங்களே திறந்து பாருங்கள். பேர் சொல்லக் கூச்சப்படும் புட்டி ஒன்று அங்கே இருந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றே ஒரு மருத்துவரிடம் செல்லுங்கள்!