சம்பளம் வேண்டாத நாக்கு

"சம்பளமே வேண்டாம் தம்பி. வாரத்துல மூணு நாள் வந்து சாம்பிள் பார்த்துக் குடுத்துட்டுப் போறேன்."

தேயிலைக் கம்பெனியின் புது மேனேஜர், எதிரே நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடம் இதே கம்பெனியில் டீ ருசி பார்த்துத் தரம் சொன்னவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. 'நாக்கு சார்' என்றால்தான் இங்கே தெரியும். சொந்தப் பெயரெல்லாம் சம்பளப் பட்டியலோடு சரி.

"ஏன் மூணு நாள்? மத்த நாள்ல?"

"வேற ஒரு இடத்துக்குப் போகணும்."

"எந்த இடம்?"

"முதல்ல என் வேலையைப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்களேன்" என்று நாக்கு சார் பேச்சை மாற்றினார்.

இலவசமாக உழைக்கிறேன் என்று வருகிறவர்களை மேனேஜருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆளோ என்று உறுத்தியது. இருந்தாலும் பரிசோதனை அறைக்கு அழைத்துப் போனார்.

நீள மேஜையில் நாற்பது கோப்பை டீ ஆறிக்கொண்டிருந்தது. நாக்கு சார் கரண்டியில் அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பினார்.

"இது ஈரத்துல கிடந்த மூட்டை."

அடுத்த கோப்பை.

"இலை நல்ல இலை. காய வெச்சவன்தான் அவசரக்காரன்."

மேனேஜர் கோப்பைகளின் அடியிலிருந்த சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நாக்கு என்றால் இதுவல்லவா நாக்கு என்று அவருக்கே தோன்றியது.

நாற்பதும் முடிந்தது. நாக்கு சார் கிளம்புகிற வழியாக இல்லை. முதல் கோப்பைக்கே திரும்பி வந்து, இன்னொரு வாய் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் துப்பினார். பிறகு இரண்டாவது. மூன்றாவது.

"தரம் சொல்லி முடிச்சதை எதுக்கு சார் திரும்பப் பார்க்கறீங்க?" மேனேஜரின் குரல் இறுகியது. "மனப்பாடம் பண்ணிட்டுப் போய் யார்கிட்ட ஒப்பிக்கப் போறீங்க? உங்களை யார் அனுப்பினது?"

நாக்கு சாரின் முகம் வாடிப்போனது. "யாரும் அனுப்பலை தம்பி."

"மன்னிச்சுக்குங்க. எனக்கு இது சரிப்படாது."

வயதில் பெரியவரிடம் கடுமையாகப் பேசிவிட்டோமே என்று மேனேஜருக்குச் சங்கடமாகவும் இருந்தது. ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. இதையாவது குடிச்சிட்டுப் போங்க."

நாக்கு சார் தம்ளரை வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்காளின்னு தெரிஞ்சா உள்ளேயே விட மாட்டீங்கன்னுதான் மறைச்சேன். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு தம்பி. மத்த மூணு நாளும் டயாலிசிஸ். தண்ணி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல உள்ள போகக் கூடாது. வீட்டுல தாகம் தாங்காம வாய் கொப்புளிக்கலாம்னு ஒரு வாய் எடுத்தாக்கூட துப்ப மனசு வராம முழுங்கிடறேன். இங்க நின்னாதான், முப்பது வருஷப் பழக்கம், எத்தனை வாய் எடுத்தாலும் ஒரு சொட்டு உள்ள போகாது."