மூடி வைத்த ஆம்ப்ளிபயர்

போன கூட்டத்தில் மீனவர்கள் பேச எழுந்ததுமே அதிகாரிகள் மைக்கை அணைத்துவிட்டார்கள். அதனால் இந்த முறை, துறைமுகத்துக்குக் கடற்கரையை எடுப்பது பற்றிய கருத்துக் கேட்புக்கு, ஊர்க் கோயிலின் பழைய ஆம்ப்ளிபயரைக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. அது ஊமையாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ரேடியோ பழுதுபார்க்கும் ஸ்தெல்லா அதைத் திறந்து, பாகங்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தாள். உப்பிப்போன கண்டன்சர்களை மாற்றினாள். வெந்துபோன டிரான்சிஸ்டருக்கு மட்டும் மாற்றுக் கிடைக்கவில்லை.

"இதெல்லாம் இப்ப வாறதே இல்லக்கா. தூக்கிப் போட்டுட்டுப் புதுப்பெட்டி வாங்கிருங்க," என்றார் டவுன் கடைக்காரர்.

"இப்ப வாறதுல இதுக்கு ஈடா எது இருக்கோ, அதக் குடுங்க."

கிடைத்தது வேறு வடிவம். பழைய இடத்தில் உட்காரவில்லை. சோற்றுப்பானையின் அலுமினிய மூடியில் ஓட்டை போட்டு, அதில் டிரான்சிஸ்டரை முடுக்கி, மூடியைப் பெட்டிக்கு வெளியே பொருத்தினாள். சூட்டை மூடி வாங்கிக்கொள்ளும்.

கூட்டத்தில் கட்டுமரக்காரர் சவரிராயன் வாய் திறந்ததும் அதிகாரிகளின் மைக் செத்தது. ஸ்தெல்லா, தான் கொண்டுவந்த மைக்கை அவரிடம் நீட்டிவிட்டு, ஆம்ப்ளிபயரின் ஒயரைக் கூடவே கொண்டுவந்திருந்த பேட்டரியில் மாட்டினாள். "இது எங்க கடலு" என்ற அவருடைய குரல் பந்தலைத் தாண்டிச் சாலைவரை கேட்டது.

"யாரும்மா நீ? ஆஃப் பண்ணு அத!" அதிகாரி எழுந்து ஓடிவந்தார்.

அவள் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். கொதிக்கும் மூடி முழங்கையைச் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"பேசத்தான கூப்புட்டீங்க சார்," என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அடுத்தது யாரு? வாங்க."

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.