கப்பலின் பின்பக்கம்

"தண்ணியில விழுந்துட்டா ஒரு ஆள் எவ்வளவு நேரம் தாங்குவாங்கம்மா?"

கணினித் திரையில் வடகோடிக் குளிர்நாட்டுத் தீவுகளின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த கப்பலக்காவின் கை அப்படியே நின்றது. கேட்ட மனிதரோ, கட்டம்போட்ட சட்டையில், பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் கப்பல் பயணம் என்றால் அவளிடம்தான் அனுப்புவார்கள். டிக்கெட் விற்கிற கப்பலில் ஒருமுறையாவது போய் வந்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. எல்லாக் கப்பலிலும் ஏறி இறங்கியதில் அவளுடைய சொந்தப் பெயரே அங்கே பலருக்கு மறந்து, கப்பலக்கா என்பதே நிலைத்துவிட்டது.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? கல்யாண நாளுக்குப் போறோம்னு சொன்னீங்க?"

"சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்."

"அந்தக் கடல் ரொம்பக் குளிரும் சார். அதிக நேரமெல்லாம் தாங்காது." சொல்லி முடித்த பிறகுதான் ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஒரு விரலை மடக்கினார். கடைக்குப் போனவர் வாங்க வேண்டிய சாமானை யோசிப்பதுபோல் விட்டத்தைப் பார்த்தார். "அப்புறம்... மேல்தளத்துல கைப்பிடிக் கம்பி எவ்வளவு உயரம்?"

"நெஞ்சளவு இருக்கும்." அடுத்த விரல் மடங்கியது.

கப்பலக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள். "கோடையில போங்க சார். அந்தத் தீவுகள்ல அப்போ குளிரும் அவ்வளவா இருக்காது, புழுக்கமும் இருக்காது. பச்சைப்பசேல்னு குன்று, கரையெல்லாம் கடல்பறவை. ராத்திரி சாப்பாடு முடிஞ்ச பிறகும் வெளிச்சம் இருக்கும்."

"வெளிச்சம் வேணாம்மா." பட்டென்று வந்தது பதில். "சீசன் முடியற சமயத்துல போடுங்க. மூடுபனி இருக்குமாமே? கப்பல்ல கூட்டமும் இருக்காதாமே?"

கப்பலக்கா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டம் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறானே பாவி!

"கடைசியா ஒண்ணும்மா. கப்பல்ல எல்லா இடத்துலயும் கேமரா இருக்கா? இல்லாத இடம்னு ஏதாவது உண்டா?"

"இண்டு இடுக்கு விடாம இருக்கு சார். ஈ பறந்தாக்கூடத் தெரிஞ்சுடும்."

பச்சைப் பொய். கப்பல் ஊழியர்கள் ஒளிந்து சிகரெட் பிடிக்கும் மூலை ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அங்கே நின்று கீழே எட்டிப் பார்த்தபோது கருகருவென்று சுழன்ற தண்ணீர் இன்னமும் அவள் கண்ணில் இருந்தது.

அவர் முகம் சுருங்கியது. "அப்படியா..." என்று இழுத்தவர், கடைசி விரலை மடக்காமலே எழுந்துவிட்டார். "சரி, ரெண்டு பேருக்கும் போட்டுருங்க."

"மேடமும் கண்டிப்பா வர்றாங்கள்ல?"

"அவளுக்காகத்தானேம்மா இந்தப் பயணமே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை.

அவர் போனதும் பக்கத்து மேசை விமான டிக்கெட்காரன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "நமக்கு எதுக்குக்கா வம்பு? கஸ்டமர் கைவிட்டுப் போனா, முதலாளி முதல்ல உங்களைத்தான் கடல்ல தள்ளுவார்."

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் முகம் தெரியாத ஒருத்தியின் உயிர் தன் கையில் இருப்பதாக நினைக்க நினைக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜோடியாகப் போகிறவர்கள் என்றால், நேரில் வராத ஆளைப் போனில் கூப்பிட்டு பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைச் சரிபார்ப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். அதையே சாக்காக வைத்து அன்று மாலை மனைவியின் எண்ணை அழைத்தாள்.

குரல் பூப்போல இருந்தது. பெயரைச் சரிபார்த்த கையோடு கப்பலக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. என் வேலை போனாலும் பரவாயில்லை. உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்வி எதுவுமே எனக்குச் சரியாப் படலை. முடிஞ்சா இந்தப் பயணமே வேணாம்னு சொல்லிடுங்க."

மறுமுனையில் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "டிக்கெட்டுதான் போட்டாச்சேம்மா."

பாவம், அதிர்ச்சியில் மரத்துப்போயிருக்கிறாள் என்று கப்பலக்காவுக்கு மனசு துடித்தது.

"அப்போ ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பின்பக்க மேல்தளத்துல, இடதுபக்கம், உயிர்காப்புப் படகுக்குப் பின்னால ஒரு மூலை இருக்கு. அங்க கேமரா கிடையாது. கம்பியும் இடுப்பளவுதான். மூடுபனியில அங்க என்ன நடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் அங்க மட்டும் போயிடாதீங்க மேடம்."

"பின்பக்கம்... இடதுபக்கம்... படகுக்குப் பின்னால." மனைவி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவள் மனதில் பதித்துக்கொள்கிறாள் என்று தெரிந்ததும் கப்பலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"ஐயோ, இல்லை மேடம்! எல்லா இடத்துலயும் கேமரான்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

"அதானே பார்த்தேன்," என்று அந்தப் பூப்போன்ற குரல் சலித்துக்கொண்டது. "நான் முக்கியமா கேட்டுட்டு வரச் சொன்னதே அதைத்தாம்மா."