மாஷிமாவின் முந்தானை

"ஏன்னா, இங்கே வாங்கோ! மாஷிமா இன்னிக்கும் புல்லைப் பிடுங்கறா!"

ஜன்னல் திரையை ஒற்றை விரலால் விலக்கிப் பிடித்தபடி ஜெயலக்ஷ்மி கிசுகிசுத்தாள். வைத்தீஸ்வரன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு வங்காளிக் கிழவி பூஜைக்கு நாலு புல் எடுத்தா என்ன? விடு."

"நாலு புல்லா? முந்தானை நிறைய முடிஞ்சுண்டு போறா! தை பொறந்தா நம்ம சுந்தரிக்கு ரிசப்ஷன். மெட்ராஸ்லேர்ந்து சம்பந்தி வந்து நிக்கறப்போ தரை சொட்டையா கிடந்தா நன்னா இருக்குமா?"

எழுபத்து மூன்றாம் வருஷத்து மார்கழி அது. கல்கத்தாக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனாலும் ஊர் முழுக்கக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு அதைக் கொண்டாடும். விடிவதற்குள் கரி அடுப்புப் புகை தெருவை மூடிவிடும். டாக்குரியா ஸ்டேஷனில் முதல் ரயில் ஊதும். அந்தக் காலைகளை நினைத்தால் ஜெயலக்ஷ்மிக்கு இன்றைக்கும் மூக்கில் அந்தப் புகை வாசனை வந்துவிடும்.

இருபது வருஷம் மாடி பிளாட்டில் காலம் தள்ளியபின், வாசலில் மண் உள்ள வீடு அவளுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. பெண்ணின் ரிசப்ஷன் சொந்தப் புல்தரையில் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். குளிர்காலத்தில் யாராவது லான் போடுவார்களா என்று தெருவே சிரித்தது. ஒரிசாக்கார மாலி அர்ஜுன் மட்டும் சிரிக்கவில்லை.

"இது ஒரு குளிரா, மா? தண்ணி காட்டினா புல் பிடிச்சுக்கும்."

மண்ணைக் கொத்தி, சாண எரு கலந்து, அருகம்புல்லைக் கொத்துக் கொத்தாக நட்டான். குழந்தையின் தலையைத் தடவுவதுபோல் மண்ணைத் தடவித் தடவித்தான் நடுவான். என்ன பிரியம் பார் என்று ஜெயலக்ஷ்மி உருகிப்போவாள்.

"என் லான்ல ஒரு கோரை தலை தூக்காது, மா. தூக்கினா என்னைக் கேளுங்க" என்று வேறு மார் தட்டுவான்.

வைத்தீஸ்வரன் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. "தைக்குள்ள பச்சையாகலேன்னா வேற மாலி பார்த்துடுவேன்" என்று அவனிடமே சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான், தெருவே சித்தி முறை சொல்லிக் கூப்பிடும் மாஷிமாவின் இந்த வேலை.

பூஜைக்குத்தான், சந்தேகமே இல்லை. நம் பிள்ளையாருக்கு அருகம்புல் வேண்டியிருப்பதுபோல், வங்காளிகளுக்கும் அதே புல் இல்லாமல் ஒரு பூஜையும் நடக்காது. ஒரு வார்த்தை கேட்டால் கொடுக்க மாட்டோமா? திருட்டுத்தனம் எதற்கு? இப்படியெல்லாம் பொருமிய ஜெயலக்ஷ்மிக்கு, பிளாட்டில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் லேக் கரையில் யாரையும் கேட்காமல் தான் பறித்த அருகம்புல் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் குளித்து, மார்கழிப் பூஜைக்குப் பட்டுப் புடவை உடுத்தி, கோலத்தைச் சீக்கிரமே போட்டுவிட்டு, மாமரத்தின் பின்னால் காத்திருந்தாள். மாஷிமா வந்தாள். வெள்ளைப் புடவையைச் செருகிக்கொண்டு புல்லில் குந்தினாள். பறித்ததை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மாஷிமா! முந்தானையை அவிழ்த்துக் காட்டுங்கோ."

கிழவி பதறி வாசல் கேட்டைத்தான் முதலில் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் முடிச்சை மெல்ல அவிழ்த்தாள்.

உள்ளே மருந்துக்குக்கூட ஒரு அருகம்புல் இல்லை. எல்லாம் கோரை. வேரும் கறுத்த கிழங்குமாக, ஈர மண்ணோடு.

"எருவோட வந்திருக்கு, பௌமா." ஜெயலக்ஷ்மியை அவள் மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். "விட்டா பத்து நாள்ல உன் புல்லைத் தின்னுடும்."

"அர்ஜுன்கிட்ட சொல்லப்படாதா?"

"சொன்னா மட்டும் என்ன செய்வான்? கண்ணுல புரை. அவனுக்குக் கோரையும் புல்லும் ஒண்ணுதான். தடவித்தானே இத்தனையும் நட்டான்? ஒரு கோரை விட்டுப்போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சாலும் பயந்து ஊருக்கே போயிடுவான். அடுத்த மாசம் தர்மக் கண் முகாம் வருது. நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் அவன் வேலை போகாம இருக்கணும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, மாஷிமா?"

"உனக்குத் தெரிஞ்சா உன் வீட்டுக்காரருக்குத் தெரியும்." கிழவி கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "எனக்காகவும்தான்னு வெச்சுக்கோ. கிழக்கு வங்காளத்துல, பாரிசால்ல எங்க வீட்டு முற்றம் இதைவிடப் பெரிசு. பிரிவினையில விட்டுட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, கை இன்னும் அந்த மண்ணைத் தேடுது."

ஜெயலக்ஷ்மிக்கு முகம் சுட்டது. லேக் கரைப் புல் இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது.  பனி ஈரத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட ஒரு கோரையைப் பிடித்து இழுத்தாள். பாதியில் அறுந்தது.

"கிழங்கோட வரணும், பௌமா."

இருவருமாகப் பிடுங்கிக்கொண்டே போனார்கள். கேட் கிறீச்சிட்டது.

குல்லாயும் பூவாளியுமாக வந்த அர்ஜுன், கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான்.

"அம்மாவா அது? மாஷிமாவுமா? ரெண்டு பேரும் என்ன பிடுங்கறீங்க?" அவன் பூவாளியைக் கீழே வைத்தான். "கோரையா, மா?"

ஜெயலக்ஷ்மி மண் அப்பிய கோரையை அள்ளித் தன் பட்டுப் புடவை முந்தானையில் இறுக முடிந்தாள்.

"உன் லான்ல கோரை ஏது, அர்ஜுன்? அருகம்புல்தான். பூஜைக்கு."