பதினொரு மில்லிமீட்டர்

புது ஸ்கெட்ச் புக்கின் முதல் பக்கத்தில் அவர் முதலில் போட்டது ஒரு பார்டர்.

நான்கு பக்கமும் பத்து மில்லிமீட்டர் விட்டு, ஸ்டீல் ஸ்கேல் வைத்து. பிறகு வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம். வரைந்தவர். சரிபார்த்தவர். தேதி.

பம்ப் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் மெஷின் படம் வரைந்த டிராஃப்ட்ஸ்மேன். அந்தக் கையில் வெள்ளைத் தாளைக் கொடுத்தால் வேறு என்ன செய்யும்?

கொடுத்தவள் மனைவிதான். "என்ற மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்காம எதாச்சும் படம் போடுங்க" என்று போனிலேயே ஆர்டர் செய்துவிட்டாள்.

புத்தகத்தோடு பென்சில், கரிக்குச்சி, மை, வாட்டர் கலர், மூன்று பிரஷ்.

எது எப்படி விழுகிறது என்று பார்க்கப் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டார்.

முதல் கட்டத்தில் டூ ஹெச் பென்சில். கம்பி கம்பியாக நின்றது.

அடுத்து சிக்ஸ் பி. கன்னங்கரேல் என்று வந்தது. இவ்வளவு கறுப்பு கிடையாது.

கரிக்குச்சியை இழுத்து விரலால் தேய்த்தார். அடுப்புக்கரி பட்ட சுவர் மாதிரி ஆகிவிட்டது.

மை குத்தியது. அவ்வளவு முரடும் கிடையாது.

எதை வரைகிறார் என்று சொல்லிவிடலாம், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவளுடைய முடியை.

மருந்து ஏற்றியதில் போன முடி. ஆறு மாதமாகத் தலையில் ஸ்கார்ஃப். குளிக்கப் போகும்போதும் ஸ்கார்ஃப், வரும்போதும் ஸ்கார்ஃப். அறையில் கண்ணாடி மேல் ஒரு துண்டு தொங்குகிறது. அவர் எதிரில் ஒருநாளும் கழற்றியதில்லை. அவரும் கேட்டதில்லை.

பத்து நாளுக்கு முன்னால் ஒரு மத்தியானம், தூக்கத்தில் ஸ்கார்ஃப் நழுவியிருந்தது.

முடி வந்திருந்தது.

அந்த நிமிஷமே அவளை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல் அவருக்கு இருந்தது. சொன்னால், பார்த்தது தெரிந்துவிடும். ஹாலுக்கு வந்து, முந்தின நாள் பேப்பரை இன்னொரு தடவை படித்தார்.

அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற கைக்குத் தெரியும். ஆனாலும் கண்ணாடியில் துண்டு அப்படியே தொங்கியது.

பழுப்பில் கொஞ்சம் கறுப்பைக் கலந்தார். ஈரமாக வைத்ததில் பரவிப் போயிற்று. பிரஷ்ஷை வேட்டியில் ஒற்றினார். ஈரம் போன முனையை விரித்து, தாளைத் தொட்டும் தொடாமலும் இழுத்தார்.

அதுதான்.

அதேதான். மெத்தென்று, சாம்பலும் பழுப்புமாக. இடுப்பு வரை நேராகத் தொங்கிய முடி, இப்போது நெற்றியோரம் ஒரு சுழியோடு வந்திருக்கிறது. அந்தச் சுழியையும் போட்டார். எங்கே பிரஷ் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார்.

அப்புறம்தான் கை காட்டிக்கொடுத்தது.

பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடு. நடுவில் அம்புக்குறி. மேலே ஓர் எண். 11.

அவள் காபியோடு வந்து பின்னால் நின்றாள்.

"என்னுங்க இது, அருகம்புல்லா?"

"சும்மா. எது எப்படி உளுகுதுன்னு பாக்கறேன்."

"வேட்டீல தொடைக்காதீங்க. கறை போகாது."

குனிந்து பார்த்தாள். புல்லுக்குச் சுழி கிடையாது. அவள் கண் அந்த எண்ணில் போய் நின்றது.

கண்ணால் பார்க்காத பொருளுக்கு இந்த மனிதர் அளவு போடமாட்டார். முப்பத்தோரு வருடம் கூட இருந்தவளுக்கு இது தெரியாதா?

அவள் கை, ஸ்கார்ஃபின் முடிச்சுக்குப் போயிற்று.

அவர் நிமிரவில்லை. பிரஷ்ஷைக் கழுவினார். கழுவிய பிரஷ்ஷையே மறுபடியும் கழுவினார். கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தது.

மேஜை மேலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

காபியில் ஆடை கட்டியது.

உள்ளே, துண்டை உதறுகிற சத்தம். ஆறு மாதத் தூசி அல்லவா, இரண்டு உதறு. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

கதவு திறந்தது. வந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பென்சிலை எடுத்தாள்.

கம்பெனி வழக்கப்படி, தப்பான எண்ணை அழிக்கக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் ஆயிரம் தடவை புலம்பிய சங்கதி.

பதினொன்றின் மேல் ஒரு கோடு. பக்கத்தில், 14.

"அளவு தப்புங்க."

பிறகு மூலைக் கட்டத்துக்குப் போனாள். வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது என்பதும் கம்பெனி வழக்கம். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ரங்கநாயகி.

தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எதையோ நாலாக மடித்து வைத்தாள். நீலப் பூப்போட்ட ஸ்கார்ஃப்.

"இனி இதுல தொடைங்க."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.