சுகர் சரியான காலை

சாகக் கிடந்து பிழைத்துவந்த பூனையை வீட்டில் தனியாளாகக் கவனித்துக்கொண்டாள் நவமணி. தினமும் காலையில் அதன் காது நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். சுகர் மிஷின் அளவு சொன்னதும் இன்சுலின் போட்டு, மடியில் கிடத்திக் கொஞ்சுவாள்.

ஒருநாள் மிஷின் கத்தியது: “சுகர் சரியாயிடுச்சு! இனி ஊசியே வேண்டாம்!”

பூனை துள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது.

நவமணி அந்த நம்பரையே வெறித்துப் பார்த்தாள். பிறகு மிஷினின் பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். வழக்கம்போல ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

“அம்மாவுக்குக் காதுல விழலையா?” என்றது பூனை.

“விழுந்துச்சு. அதான் நீ போயிடுவியோன்னு பயந்துட்டாங்க,” என்றது ஊசி. “இப்ப நான் குத்துனா சுகர் ரொம்ப இறங்கிடும், நீ தாங்கமாட்டே. ஓடிடு.”

ஜன்னல் சாத்தியிருந்தது. நவமணி மடியைத் தட்டினாள்.

“எங்கடா கண்ணு போறே? உனக்குத்தான் உடம்பு சரியில்லையே.”