சுட்டவர் பெயர்

"நான்தான் சுட்டேன் மேடம்" என்றான் ராண்டல் ஹோலெக், நான் என் பிக்கப் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

நெப்ராஸ்காவின் மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் இந்தத் தனியார் காட்டை நான் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நவம்பரில் ஒரு வாரக் கடைசியில், பிள்ளைகள் மட்டும் வேட்டையாட முதலாளி கேட்டைத் திறந்துவிடுவார். கூட வரும் பெரியவர்கள் துப்பாக்கியைத் தொடக் கூடாது.

தொடாமல் இருப்பார்களா? எத்தனையோ அப்பன்கள் தாங்களே சுட்டுவிட்டு, "எம்புள்ள ஒரே குண்டுல சாய்ச்சுட்டான் மேடம்" என்று என்னிடம் பல்லை இளித்திருக்கிறார்கள். அப்பன்களை நான் நம்புவதே இல்லை.

ஆனால் 'நான் சுட்டேன்' என்று ஒருவன் தானாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

மான் புல்லில் ஒருக்களித்துக் கிடந்தது. பிள்ளைகளுக்குக் கொம்பில்லாத மான் மட்டும்தான் அனுமதி. இதற்குக் கொம்பு இருந்தது. விரல் நீளம்தான், காதை ஒதுக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. விடிகிற நேரத்தில், உறைபனி படிந்த புல்லுக்குள், யாரும் ஏமாந்துபோகலாம்.

ராண்டல் ஏமாறுகிற ஆள் இல்லை. ஊரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான். எட்டு வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவன்.

"காலங்காத்தால கை அரிச்சிடுச்சாக்கும்?" என்றேன்.

"ஆமா மேடம். புத்தி கெட்டுப்போச்சு. எழுதிக்குங்க."

எவ்வளவு அவசரம் பாருங்கள். பிள்ளைகள் நாளில் பெரியவர் சுட்டால் வேட்டை உரிமம் மூன்று வருடத்துக்குப் போய்விடும். துப்பாக்கியும் போய்விடும். அது தெரிந்தும் இப்படி ஒப்புக்கொள்கிறான் என்றால், அதைவிடப் பெரிதாக எதையோ மூடி மறைக்கிறான்.

இன்னொரு மானை ஒளித்து வைத்திருப்பானோ? அவன் வண்டியின் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். கயிறு, காப்பி பிளாஸ்க், பாதி கடித்த கொலாச்சி ரொட்டி. வேறொன்றும் இல்லை. காலித் தோட்டாவும் ஒன்றுதான். நான் கேட்டதும் ஒரே ஒரு வெடிச் சத்தம்தான்.

அவன் மகள் டெஸ்ஸா வண்டிச் சக்கரத்தை ஒட்டி நின்றிருந்தாள். பன்னிரண்டு வயது. இந்த வேட்டைக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில் மூன்று வருடம் பெயர் போட்டு இந்த முறைதான் விழுந்தது. ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள்.

விடியற்காலையில் கேட்டில் கையெழுத்துப் போட்டபோது அதே தொப்பி அவளுடைய உச்சந்தலையில் இருந்தது. அப்போது பல் கிட்டிக்கிற குளிர். இப்போது வெயில் வந்துவிட்டது. குளிர் விட்ட பிறகு தொப்பியைக் கீழே இழுப்பார்களா யாராவது?

படிவத்தை எடுத்தேன். முதல் வரியே 'சுட்டவர் பெயர்'.

அந்த இடத்தில் பிள்ளையின் பெயர் வந்தால், தப்பான மானைச் சுட்டதற்காக அந்தப் பிள்ளையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். அதன்பின் எந்த வருடமும் இந்தக் காட்டுக்குள் வர முடியாது. முதலாளி போட்ட விதி.

நான் தொப்பியையே பார்ப்பதை ராண்டல் கவனித்துவிட்டான். எங்களுக்கு நடுவில் வந்து நின்றான்.

"அவள விடுங்க மேடம். அவ பைனாகுலர்லதான் பாத்துட்டிருந்தா."

டெஸ்ஸா அப்பாவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். தானே தொப்பியைக் கழற்றினாள்.

வலது புருவத்துக்கு மேலே பிறை போல ஒரு வெட்டு. ரத்தம் இன்னும் காயவில்லை. துப்பாக்கி மேல் குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண்ணை ஒட்ட வைத்துச் சுட்டால், துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அதன் விளிம்பு இப்படித்தான் வெட்டும். புதிதாகச் சுடுகிறவர்களுக்கு வருகிற காயம்.

"நான்தான் சுட்டேன். கொம்ப நான் பாக்கல. எம்பேரையே எழுதுங்க."

"வாய மூடு டெஸ்ஸா" என்றான் ராண்டல்.

எழுதினேன், டெஸ்ஸா ஹோலெக் என்று முழுப் பெயரையும். படிவத்தின் அடியில் 'தானாக ஒப்புக்கொண்டவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் பெயரை அடிக்கத் தேவையில்லை, ஒரு வருடம் ஒதுக்கி வைப்பதோடு சரி. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டத்தை நான் தொட்டதே இல்லை. இன்றைக்குப் பேனாவை அழுத்திப் போட்டேன்.

ராண்டல் எட்டிப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மானைத் தூக்குவதற்குக் கயிற்றை எடுக்கப் போனான்.

அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. வாயைத் திறந்து சொன்னாளே, அதற்காக. இப்படி ஒரு அப்பன் வாய்த்ததற்காகவும்தான்.

என் வண்டியிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து அவள் புருவத்தைத் துடைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தழும்பு நிக்குமா மேடம்?"

"நிக்கும்" என்றேன். முன்முடியை ஒதுக்கி என் புருவத்தைக் காட்டினேன்.

டெஸ்ஸா கண்ணை விரித்தாள். "நீங்க சுட்டது என்ன மான்?"

பத்துக் கிளைக் கொம்போடு அதன் தலை இன்னமும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கீழே பித்தளைத் தகட்டில் எனக்குப் பதினொரு வயதான வருடமும், சுட்டவர் பெயரும் வெட்டியிருக்கிறது. என் அப்பாவின் பெயர்.